மாயக் கதைகளும் நமது படிப்பகங்களும்



சென்ற மாதம் மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரில் நமது தோழர்கள் நடத்திவரும் படிப்பகத்தின் ஆலோசனைக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். புத்தகம் வாங்கச் சேர்ந்திருந்த பணம் மூவாயிரம் ரூபாய். அதில் எதை வாங்குவது என்பதுதான் பேச்சு. வாலிபத் தோழர் ஒருவர் எழுந்து, "விஞ்ஞானக் கதை, மாயக் கதை இவற்றில் நல்ல சிறுகதைத் தொகுப்புகளாக நாலைந்து வாங்கலாம், ஆனால் எங்கே தேடுவது, எது நல்லது என்றுதான் தெரியவில்லை" என்றார். உடனே மூத்த தோழர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேயில்லை, பூதமில்லை, பறக்கும் தேர் இல்லை என்று ஆயுள் பூராவும் மேடை மேடையாய்க் கத்திவிட்டு, இப்போது பேயையும் பூதத்தையும் காசு கொடுத்து வாங்கி நம் அலமாரியிலேயே குடிவைப்பதா?" என்று கேட்டார். கூட்டம் இரண்டு கட்சியாய்ப் பிரிந்தது. முடிவு ஒன்றும் ஆகாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மூத்த தோழரின் ஆக்ஷேபணை தள்ளிவிடத் தக்கதல்ல. கதைகளால் நாம் பட்ட பாடு கொஞ்சமா? என்றாலும் அவர் ஒரு இடத்தில் தவறிவிட்டார் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். நம்மைக் கெடுத்தது கதையல்ல. கதையை நடந்த சங்கதி என்று சாதித்து, அதன் பேரால் வசூல் நடத்தினார்களே, அதுதான் கெடுத்தது.

காவேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அகத்தியர் கமண்டலத்துக்குள் ஆறு முழுவதும் அடங்கிக் கிடந்ததாம். பிள்ளையார் காக்கை உருவில் வந்து தட்டிக் கவிழ்த்தாராம். ஆறு ஓடிற்றாம். ஒரு குழந்தைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கண்ணை அகல விரித்துக் கேட்கும். சின்னச் செம்புக்குள் பெரிய ஆறு என்பது அழகான கற்பனைதானே! அதுவரையில் யாருக்கும் யாதொரு நஷ்டமுமில்லை. அப்புறம்தான் வினை. இந்த ஆறு புண்ணிய தீர்த்தம், ஐப்பசியில் மாயவரத்தில் முழுகினால் பாவம் தொலையும், முழுகினவன் இன்னாருக்கு இவ்வளவு தட்சணை தரவேண்டும் என்று கதைக்கு ரசீதுப் புத்தகம் அடித்துவிடுகிறார்கள். கும்பகோணத்துக் குளத்தில் பன்னிரண்டு வருஷத்திற்கு ஒருமுறை கங்கை முதலான ஆறுகளெல்லாம் வந்து கலக்கின்றன என்பதும் ஒரு மாயக் கதையே. கதையென்றே சொல்லியிருந்தால் ஜனங்கள் கேட்டு ரசித்துவிட்டு வீட்டில் இருந்திருப்பார்கள். மெய்யென்று சொன்னதால் 1992ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்து மகாமகத்தில் நெரிசலில் சிக்கிச் சுமார் ஐம்பது பேர் செத்தார்கள்.

இதே தஞ்சையில் இரண்டாம் சரபோஜி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், ஈசாப்பின் கதைகளை மராத்தியில் பெயர்த்துத் தமது அச்சுக்கூடத்தில் அச்சிடச் செய்தார். அதிலும் காக்கை வருகிறது, நரி வருகிறது, இரண்டும் பேசவும் பேசுகின்றன. ஆனால் ஈசாப்பின் காக்கைக்கு எந்த ஊரிலாவது அர்ச்சனை நடக்கிறதா? அந்த நரியின் பேரால் எவனாவது மானியம் அனுபவிக்கிறானா?

நமது கவலையெல்லாம் இப்போது வேறு பக்கம் திரும்பவேண்டியிருக்கிறது. 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசில், ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே எழுந்து, கௌரவர் நூறுபேரும் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்றும் இராவணனிடம் இருபத்துநான்கு வகை விமானங்கள் இருந்தன என்றும் பேசினார். இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்த 'வைமானிக சாஸ்திரம்' என்பதைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ந்து, அதில் சொல்லியபடி செய்த விமானம் பறக்காது என்று 1974லேயே தெரிவித்துவிட்டார்கள். அப்படியும் புளுகு ஓயவில்லை. இவர்கள் இதையே கதையாக எழுதி, கதையென்று மேலே போட்டு விற்றிருந்தால் நாமும் ஒரு பிரதி வாங்கியிருப்போம்!

கதையென்று ஒப்புக்கொண்டு எழுதிய விஞ்ஞானி ஒருவர் நம் நாட்டிலேயே உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1896இல் வங்காளியில் ஒரு சிறுகதை எழுதினார். குந்தளீன் என்ற தலைமயிர்த் தைலத்தை விற்றவர்கள் நடத்திய கதைப் போட்டிக்கு எழுதியது, பரிசும் பெற்றது. கல்கத்தாவை நோக்கிப் பெரும்புயல் வருகிறதென்று எச்சரிக்கை, ஊரே நடுங்குகிறது, புயல் வரவேயில்லை. உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ள, கப்பலில் போன ஒருவர் கடலில் ஊற்றிய ஒரு புட்டித் தைலம் அலையை அடக்கியதாகக் கதை முடிகிறது. தண்ணீரின் மேல் எண்ணெய் பரவினால் சிற்றலை அடங்கும் என்பது சோதனையில் கண்ட உண்மை. அந்த உண்மையின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கச் சிரிக்கப் பொய் சொல்லுகிறார். படித்தவன் எவனும் அடுத்த புயலுக்குத் தைலப் புட்டியோடு கடற்கரைக்கு ஓடவில்லை. ஆனால் எண்ணெய்க்கு அந்தக் குணம் ஏன் வந்தது என்று ஒரு பையனாவது கேட்டிருப்பான். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்ததைக் கண்ட வேதாரண்யத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டவேண்டும் என்பது நமக்கு வெகுநாள் ஆசை.

இன்னொன்று சென்னையிலேயே அச்சானது. கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற பத்திரிகையில், 1905இல், வங்காளத்து ரொக்கையா சகாவத் உசேன் என்ற முஸ்லிம் பெண்மணி 'சுல்தானாவின் கனவு' என்றொரு கதையை இங்கிலீஷில் எழுதினார். அந்தக் கனவு நாட்டில் ஆண்களெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் ராஜ்யம் நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தில் அடுப்பு எரிகிறது, வண்டி ஆகாயத்தில் போகிறது, மேகத்திலிருந்து தண்ணீரைக் குழாய் போட்டு இறக்குகிறார்கள். பள்ளிக்கூடம் பக்கமே போகவிடப்படாத ஒரு பெண் எழுதியது இது! பெண்ணடிமையைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டில் போய்ச் சோறு போடச் சொல்லி அதட்டும் நமது தோழர்களுக்கு, ஆண்கள் அடைபட்டிருக்கும் அந்த நாட்டை ஒரு அரைமணி நேரம் சுற்றிக் காட்டினால் உறைக்குமா உறைக்காதா? பெரியாரின் 'இனிவரும் உலகம்' கதையல்லதான். ஆனால் கம்பியில்லாமல் பேசும் கருவி ஆளுக்கொன்று சட்டைப்பையில் இருக்கப்போகிறதென்று 1940களில் அதில் படித்துச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எதைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்?

நிற்க. எது நல்ல தொகுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் வைத்திருக்கும் உரைகல் வெகு சாதாரணமானது. கதைக்காரன் உலகத்தில் ஒன்றை மாற்றுகிறான். அதை மாற்றினால் வேறெதெல்லாம் மாறும் என்று யோக்கியமாய் யோசித்திருக்கிறானா என்று பார்க்கவேண்டியது. கி.பி. மூவாயிரத்தில் கதாநாயகன் செவ்வாய்க் கிரகத்திற்குப் போகிறான். அவன் சம்சாரமோ விடியற்காலையில் எழுந்து காப்பி போட்டுத் தருகிறாள். இறங்கின இடத்தில் முதல் காரியமாய் ராகுகாலம் பார்க்கிறார்கள். இம்மாதிரி எழுதியவன் ராக்கெட்டை மாற்றினானேயொழிய மூளையை மாற்றவில்லை. இரண்டு கதை படித்ததும் இது தெரிந்துபோகும். அப்புறம் மீதியைப் படித்துப் பொழுதைப் பாழாக்க வேண்டியதில்லை.

தமிழில் முதலில் வாங்கவேண்டியது புதுமைப்பித்தன் கதைகள். அவரை யாரும் மாயக் கதைக்காரர் என்று சொல்லி விற்பதில்லை, அதனால்தான் தேடுபவர்கள் தவறவிடுகிறார்கள். 1943இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், கடவுள் சென்னைப் பட்டணத்துத் தெருமுனையில் வந்து நின்று திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரோடு காப்பி குடித்து, தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் வாங்கிவிடுகிறார். கடவுளுக்கு வரம் கொடுக்கத் தெரிகிறதேயொழிய இந்த ஊரில் பிழைக்கத் தெரியவில்லை. நாம் ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசிச் செய்யமுடியாத காரியத்தை அந்தக் கதை புன்சிரிப்போடு செய்துவிடுகிறது. 'சாப விமோசனம்' அதைவிடக் கடுமை. இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இவை நாட்டுடைமையான எழுத்துக்கள். 'மதுரைத் திட்டம்' என்ற இணைய நூலகத்தில் காசில்லாமலே கைப்பேசியில் படிக்கலாம். அச்சுப் புத்தகமாக வேண்டுவோர்க்கு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பு நம்பத் தக்கது.

அடுத்தது சுஜாதா. காவேரிக் கரையான ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், என்ஜினீயர். அவருடைய 'விஞ்ஞானச் சிறுகதைகள்' என்ற தொகுப்பு கிடைக்கிறது. திருப்பதி மலையை வருங்காலத்தில் கொண்டுபோய் வைத்து எழுதிய 'திமலா' ஒன்றுக்காகவே வாங்கலாம். பெண்களைப் பற்றிய அவரது பார்வை பல இடங்களில் நமக்குச் சம்மதமில்லை. யந்திரம் முன்னேறிய அளவுக்கு ஜாதி என்ன ஆயிற்று என்ற கேள்வியையும் அவர் அதிகம் கேட்பதில்லை. ஆனால் விஞ்ஞானத்தை முடிதிருத்தகத்தில் காத்திருப்பவனும் படிக்கும்படி செய்தவர் வேறு யார்? ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு சித்த வைத்தியம், ரசவாதம் என்று நம் நாட்டுச் சரக்கை வைத்து எழுதப்பட்டது. எழுத்து நன்றாயிருக்கிறது, கதையை மூடிவைத்த பிறகு ரசவாதத்தையும் அதோடு மூடிவைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆபத்தில்லை. புதியவர்களைத் தேடுவோர் 'அரூ' என்னும் மின்னிதழைப் பார்க்கவும். 2019 முதல் விஞ்ஞானச் சிறுகதைப் போட்டி நடத்தியவர்கள் அவர்கள்.

அயல்நாட்டுத் தொகுப்புகளில் ஒன்றை மட்டும் சொல்லுகிறோம். அமெரிக்காவில் உர்சுலா லெ குவின் என்ற அம்மையார் இருந்தார், 2018இல் காலமானார். அவருடைய 'காற்றின் பன்னிரண்டு திசைகள்' என்று பொருள்படும் தொகுப்பில் ஓமெலாஸ் என்ற ஊரைப் பற்றிய கதை இருக்கிறது. ஊர் சுபிட்சமான ஊர். திருவிழா, சங்கீதம், விளைச்சல், ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு நிலவறையில் ஒரு குழந்தை அழுக்கிலும் பட்டினியிலும் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தக் குழந்தை அங்கே கிடக்கும் வரையில்தான் ஊருக்குச் சுபிட்சம். இது ஊரார் எல்லாருக்கும் தெரியும். சிலர் மட்டும் தாங்கமாட்டாமல் ஊரை விட்டுப் போகிறார்கள்.

இதைத் தஞ்சை ஜில்லாக்காரனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா? முப்போகம் விளைந்த பூமி, தேரும் கச்சேரியும் குறைவில்லாத ஊர்கள், ஊருக்கு வெளியே சேரி, சேரிக்காரனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும். கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காகக் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு ஒரே குடிசையில் நாற்பத்துநான்கு பேரைக் கொளுத்தினார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பெருநிலம் படைத்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்பது நம்பக்கூடியதாயில்லை என்ற தோரணையில் தீர்ப்பில் எழுதியிருந்தது. ஓமெலாஸ் கதை அச்சில் வந்ததும் அதே 1973ஆம் வருஷம்தான். கதையென்று சொல்லி அந்த அம்மையார் எழுதியதில் உண்மை எவ்வளவு, தீர்ப்பென்று சொல்லி இங்கே எழுதியதில் கற்பனை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் படிப்பகத்தில் அடுத்த வாரம் இங்கிலீஷ் தெரிந்த ஒரு தோழர் இந்தக் கதையைத் தமிழில் வாய்விட்டுச் சொன்னார். ஐந்தாறு பக்கம்தான். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆக்ஷேபணை செய்த அந்த மூத்த தோழர், "ஊரை விட்டுப் போனார்களே, போகாமல் கதவை உடைத்திருக்கவேண்டாமா?" என்றார். இந்தக் கேள்வியை எழுப்பியதற்கே புத்தகத்தின் விலை சரியாய்ப் போயிற்று என்பது நமது எண்ணம்.

இனி எங்கே கிடைக்கும் என்ற விஷயம். புத்தகக் கடையில் விஞ்ஞானக் கதைக்கென்று தனி அலமாரி பெரும்பாலும் இருக்காது. துப்பறியும் நாவலோடோ சிறுவர் புத்தகத்தோடோ கலந்து கிடக்கும். ஆகையால் ஆசிரியர் பேரைச் சொல்லிக் கேளுங்கள். பொது நூலகத்திலும் இப்படித்தான். ஆனால் நூலகம் நமது பணத்தில் நடப்பது. நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி சேர்ந்திருக்கிறது. புத்தகத்தைக் கேட்டு வாங்க இந்த ஜில்லாக்காரன் வெட்கப்படவும் வேண்டியதில்லை. நூலகச் சாஸ்திரத்தை வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்தது சீர்காழியில். 1931இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாய் அனுப்பியதும், அதை ரங்கநாதன் தொடங்கிவைத்ததும் இதே மன்னார்குடிச் சீமையில்தான். அன்று வண்டி நம் வாசலுக்கு வந்தது. இன்று நாம் நூலகத்து வாசலுக்காவது போகக் கூடாதா?

நூலகரிடம் போய், வேண்டிய புத்தகத்தின் பேர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஒருவர் கொடுத்தால் காகிதம் மேசைக்கடியில் போகும். பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போகாது. ஒரு நூலகத்தில் நாம் கேட்டபோது, "இதெல்லாம் குழந்தைகள் படிப்பது" என்று திருப்பியனுப்பினார்கள். அம்மாதிரி பதில் வந்தால் நகல் ஒன்றை மாவட்ட நூலக அலுவலருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடியும் போய்க் கேளுங்கள்.