ஐந்தாம் நாளை ஆறு வாரம் தள்ளி வையுங்கள்

கல்லூரி ஆசிரியர்களிடம் 'எஃப்டிபி' என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி. பெரும்பாலும் ஐந்து நாள். முதல் நாள் காலை பதிவு, கையில் ஒரு கோப்பு, ஒரு பேனா, ஒரு குறிப்பேடு. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து முதல் அமர்வு தொடங்கும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். ஐந்தாம் நாள் மாலை வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு கூகுள் படிவத்தின் இணைப்பு வந்து விழும். பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா? ஐந்துக்கு ஐந்து. பயிற்றுநர் தெளிவாகப் பேசினாரா? அதற்கும் ஐந்து. படிவத்தை அனுப்பிய சில நிமிடங்களில் சான்றிதழ் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். பயிற்சி அத்துடன் முடிந்தது. ஐந்து நாள் போதாது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. கற்றதை ஒருமுறையாவது வகுப்பறையில் முயன்று பார்ப்பதற்கு முன்பே கணக்கு முடிக்கப்பட்டுவிடுகிறது என்பதே என் குறை. நான்கு நாளை இப்போது நடத்திவிட்டு, ஐந்தாம் நாளை ஆறு வாரம் கழித்து நடத்தினால் இதே செலவில், இதே ஆட்களைக் கொண்டு, இதைவிட நல்ல பயிற்சி கிடைக்கும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிக்கல் எங்கே புகுந்தது என்பதும் தெரியும். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கல்லூரி ஆசிரியருக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகளை ஏற்படுத்தியது. சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களிலும் அவை வந்தன. அன்று அறிமுகப் பயிற்சி நான்கு வாரம், புத்தொளிப் பயிற்சி மூன்று வாரம். பெயர்கள் மாறி, 2023 செப்டம்பரில் தொடங்கிய மாளவியா திட்டத்தின் கீழ் இன்று அவை ஆசிரியர் பயிற்சி மையங்கள். வாரங்கள் சுருங்கி நாள்களாயின. கொரோனா காலத்தில் நாள்கள் சுருங்கி இணைய அமர்வுகளாயின. கேமராவை அணைத்துவிட்டு, சமையலறையில் பாத்திரம் கழுவியபடியே கேட்டாலும் சான்றிதழ் ஒன்றுதான். இதற்கிடையே பதவி உயர்வுக்கான 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குப் போகத் தேவையான தகுதிகளுள் ஒன்றாகக் குறைந்தது ஒரு வாரம், அதாவது ஐந்து நாள் பயிற்சியையும் ஏற்றுக்கொண்டன. தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் அமைப்பும், பணியாளர்களில் எத்தனை சதவீதத்தினர் இப்படிப்பட்ட பயிற்சிகளில் கலந்துகொண்டார்கள் என்று கேட்கிறது. ஆக, கல்லூரிக்கு வேண்டியது தலைக்கணக்கு, ஆசிரியருக்கு வேண்டியது நாள் கணக்கு. இரண்டு கணக்கும் ஐந்தாம் நாள் மாலையே நேராகிவிடுவதால் ஆறாம் நாளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இதில் ஆசிரியரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தானே மாணவரும் படிக்கிறார்?

ஆறாம் நாளில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவில் சிலர் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டயான் ஈபர்ட்-மே தலைமையிலான குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. உயிரியல் பேராசிரியர்களுக்கு, மாணவரை மையமாக வைத்துப் பாடம் நடத்துவது குறித்துச் சில நாள் பயிலரங்குகள் நடந்திருந்தன. கற்றதை வகுப்பில் பயன்படுத்துகிறீர்களா என்று பிறகு கேட்டபோது, பதிலளித்தவர்களில் 89 சதவீதம் பேர் தங்கள் கற்பித்தலில் மாற்றம் செய்திருப்பதாகச் சொன்னார்கள். நம் ஊர் கூகுள் படிவமாக இருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். அந்தக் குழுவினர் அதோடு நிற்காமல், அவர்களின் வகுப்புகளைக் காணொளியாகப் பதிவுசெய்து வாங்கி, இன்னார் வகுப்பு என்பதைப் பொருட்படுத்தாமல் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டார்கள். 75 சதவீதம் பேர் பழையபடி விரிவுரைதான் நடத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐம்பது நிமிட வகுப்பின் நடுவே இரண்டு கேள்வி கேட்டாலே முறை மாறிவிட்டதாக நடத்துபவருக்குத் தோன்றும். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் எதுவும் மாறவில்லை என்பது தெரியும். இயற்பியல் ஆசிரியர்களிடம் சார்லஸ் ஹெண்டர்சனும் சகாக்களும் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், புதிய முறையை முயன்று பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைக் கைவிட்டிருந்தார். முயன்றார், ஏதோ ஓரிடத்தில் இடறியது, கேட்க ஆளில்லை, விட்டுவிட்டார். பயிலரங்கில் ஆர்வம் ஊட்டுவது எளிது. அந்த இடறலின்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஐந்து நாளும் தொடர்ந்து முடிந்துவிடும் பயிற்சியில் அதற்கு வழியே இல்லை.

நம்மூரிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. அதைத் தேட எந்த வினாத்தாளையும் புரட்டலாம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே கே1, கே2 என்று கே6 வரை குறியீடு அச்சாகிறது. பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வகுத்த அறிதல் படிநிலைகளின் வழித்தோன்றல்கள் அவை: நினைவுகூர்வது முதற்படி, புரிந்துகொள்வது, பயன்படுத்துவது, பகுத்தாய்வது என்று மேலே போகும். விளைவு சார்ந்த கல்வி குறித்த பயிலரங்குகளில் தவறாமல் சொல்லித்தரப்படும் சங்கதி இது. பயிற்சிக்குப் போய்வந்த பின் என்ன நடக்கிறது? முந்தைய ஆண்டு 'பணவீக்கத்தின் காரணங்களை விளக்குக' என்று இருந்த கேள்வி, இந்த ஆண்டு 'பணவீக்கத்தின் காரணங்களைப் பகுப்பாய்க' என்றாகி, எதிரே கே4 ஏறிவிடுகிறது. மாணவர் அதே கைடில் உள்ள அதே ஏழு தலைப்புகளை அதே வரிசையில் எழுதுகிறார். விடைக்குறிப்பும் அந்த ஏழுக்குத்தான் மதிப்பெண் ஒதுக்குகிறது. மாறியது வினைச்சொல் ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் இரண்டு ஆண்டு மளிகைப் பட்டியலைக் கொடுத்து, இதில் எது பொதுவான விலையேற்றம், எது ஒரு பருவத்தின் வரத்துக் குறைவால் வந்தது என்று பிரித்துக் காட்டச் சொல்லியிருந்தால் அது பகுப்பாய்வு. அப்படி ஒரு கேள்வியை அமைக்க பயிலரங்கில் கேட்ட விரிவுரை போதாது. கேள்வியை எழுதி, மாணவரிடம் கொடுத்து, வந்த விடைகளைப் பார்த்து, அசடு வழிந்து, திருத்தி எழுத வேண்டும். அந்த அசடு வழிதல்தான் பயிற்சியின் பாதி. (இரும்பு பழுக்காமல், சம்மட்டி விழாமல், ஒருவர் பேச அறுபது பேர் கேட்கும் கூட்டத்துக்குப் 'பட்டறை' என்று பெயர் வைத்தவர் எந்தப் பட்டறைக்குள்ளும் போயிருக்க மாட்டார்.)

அதற்காக எல்லாப் பயிற்சிக்கும் இந்த இழுவை தேவையில்லை. சில திறன்களுக்கு ஒரு நாளே தாராளம். அரசுக் கல்லூரி அலுவலகத்தில் சம்பளப் பில் போடும் உதவியாளருக்கு, மாநில அரசின் ஒருங்கிணைந்த நிதி, மனிதவள மேலாண்மைக் கணினித் திட்டத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால், கற்றதை அந்த மாதப் பில்லிலேயே அவர் செய்தாக வேண்டும். தப்பாகச் செய்தால் பில் திரும்பி வந்துவிடும். நூலகர்களுக்கான 'கோஹா' மென்பொருள் பயிற்சியும் அப்படித்தான்: திரும்பிய வாரமே நூலகத்தில் நிறுவினால் நிலைக்கும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றால் மறந்துபோகும். ஆய்வகத்தில் அமிலம் தெறித்தால் என்ன செய்வது, தீயணைப்பானின் ஊசியை எப்படி இழுப்பது என்பதற்கு அரை நாள் போதும். இங்கெல்லாம் வேலையே ஐந்தாம் நாளாகி, கற்றதைச் சோதித்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், குறுகிய பயிற்சி மிக நன்றாகப் பலன் தரும் இந்த ஆசிரியரல்லாத பணியாளர்களைத்தான் நம் கல்லூரிகள் பயிற்சி என்றதும் கடைசியில் நினைக்கின்றன. நாக் வருகைக்கு முந்தைய ஆண்டில் அவசரமாக ஒரு 'மென்திறன்' வகுப்பு நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு சரி. பாடம் நடத்தும் கலைக்கு இந்தத் தானியங்கிச் சோதனை கிடையாது. மோசமாக நடத்திய வகுப்பு எந்த அலுவலகத்திலிருந்தும் திரும்பி வருவதில்லை.

ஆகவே கற்பித்தல் சார்ந்த பயிற்சிக்கு மட்டும் ஐந்தாம் நாளைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். முதல் நான்கு நாளில் ஒரே ஒரு முறையைத் தேர்ந்து கற்பது. ஏழு தலைப்புக்கு ஏழு பேச்சாளர்கள் வேண்டாம். ஆறு வாரம் கழித்து அதே குழு மறுபடி கூடும்போது ஒவ்வொருவரும் ஒரு சான்றோடு வருவது: புதிதாக எழுதிய ஒரு கேள்வியும் அதற்கு மாணவர்கள் எழுதிய ஐந்து விடைத்தாள்களும், அல்லது கைப்பேசியில் எடுத்த பத்து நிமிட வகுப்புக் காணொளி. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பது. சரியாக வரவில்லை என்பதும் ஏற்கத்தக்க சான்றே. வெறுங்கையோடு வருவது மட்டும்தான் ஏற்கத்தக்கதல்ல. சான்றிதழ் அன்றைக்கு.

'இதெல்லாம் வீண், இந்தப் பயிற்சிகளையே ஒழித்துவிடலாம்' என்று சொல்லும் மூத்த பேராசிரியர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. பாடத்தில் புலமை இருந்தால் கற்பித்தல் தானாக வரும் என்பது அவர்கள் கட்சி. எட்டு நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டு கிரஹாம் கிப்ஸும் மார்ட்டின் காஃபியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. பல மாதங்களுக்குப் பரந்திருந்த பயிற்சியைப் பெற்ற ஆசிரியர்கள் மாணவரை நோக்கி நகர்ந்தார்கள். பயிற்சி எதுவும் பெறாத ஒப்பீட்டுக் குழுவினர் இருந்த இடத்திலும் நிற்காமல் எதிர்த்திசையில் போயிருந்தார்கள். இவையெல்லாம் வெளிநாட்டு ஆய்வுகள், அறுபது பேர் வகுப்பும் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டமும் உள்ள இணைப்புக் கல்லூரிக்குப் பொருந்துமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. எண்கள் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் வகுப்பு பெரிதாக, பாடத்திட்டம் இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் புதிய முறை இடறும் வாய்ப்பு அதிகம். இடறியபின் கூடிப் பேசும் நாளின் தேவையும் அங்கேதான் அதிகம்.

நேரமில்லை என்பது இதைவிட வலுவான மறுப்பு. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. அதற்குமேல் தேர்வு மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம், உதவித்தொகை விண்ணப்பச் சரிபார்ப்பு, நாக் கோப்புகள். சுயநிதிக் கல்லூரிகளில் பணி விடுப்பு கிடைப்பதே பெரும்பாடு. ஆனால் நான் கேட்பது கூடுதலாக ஒரு நாள் அல்ல. இருக்கும் ஐந்தில் ஒன்றை. முதல் நாள் விழாவையும் கடைசி நாள் நிறைவு விழாவையும் விட்டுக்கொடுத்தாலே பாதி நாள் மீதமாகும். வகுப்புக் காணொளி கண்காணிப்பாக மாறும் என்ற அச்சத்தைத்தான் நான் தள்ளிவிட மாட்டேன். முதல்வர் மேசைக்கோ நிர்வாகத்தின் கைக்கோ போகும் என்று தெரிந்தால், பயிற்சிக்கென்றே ஒரு நாடக வகுப்பு நடத்திப் படமெடுத்து வந்துவிடுவார்கள். அதனால் அந்தக் காணொளி அந்த நால்வர் குழுவைத் தாண்டக் கூடாது; ஊதிய உயர்வோடு அதை முடிச்சுப்போடக் கூடாது. பயிற்சியின் உண்மையான பலன் தேநீர் இடைவேளையில் வேற்றுக் கல்லூரிக்காரர்களோடு பேசுவதுதான் என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆறு வாரம் கழித்து, பேச உருப்படியாக ஏதாவது இருக்கும்போது இன்னொரு தேநீர் குடிக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

பணி உயர்வே இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் இதில் எங்கே வருகிறார்கள்? அரசுக் கலைக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பங்கைச் சுமக்கும் ஆயிரக்கணக்கானோர் அவர்கள். சான்றிதழால் அவர்களுக்கு அடுத்த நிலை எதுவும் திறப்பதில்லை. பயிற்சி மையத்துக்குச் சொந்தச் செலவில் பேருந்து ஏறச் சொல்வதைவிட, கல்லூரிக்குள்ளேயே துறைகள் சேர்ந்து இதை நடத்துவது அவர்களுக்கும் தோதாக இருக்கும். உள்தர உறுதிப் பிரிவு ஆண்டுதோறும் நடத்தும் பயிற்சியிலேயே வரும் பருவம் சோதித்துப் பார்க்கலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் நாளின் தேதியை மட்டும் அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குப் பார்த்து யாருக்காவது தேர்வு மேற்பார்வை வந்து சேரும்.