கூட்டத்தில் பிறந்த குலமகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள, கர்நாடகப் பகுதிகளில், பாறைகளினூடே விரைந்தோடும் தெளிந்த ஆறுகளில் கூட்டங்கூட்டமாய்ச் சஞ்சரிப்பதும், வெள்ளி மேனியில் கரிய கோடொன்றும் அதன்மேல் மூக்கு முதல் பாதியுடல் வரை செங்கோடொன்றும் தீட்டப்பெற்றதுமான 'மிஸ் கேரளா' மீனை, 1865-ஆம் ஆண்டில் ஃபிரான்சிஸ் டே விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தார்.

அதன் சௌந்தர்யத்தில் மயங்கி, ஒன்றிரண்டை மட்டும் வாங்கிச் சிறு கண்ணாடித் தொட்டியில் அடைப்பது நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். கூட்டமே அதற்குத் தைரியம். ஐந்தாறு தோழர்களேனும் இல்லாவிடில், அது அஞ்சி ஒதுங்கி வர்ணம் மங்கிவிடும். நான்கைந்து அங்குலம் வளர்ந்து, ஓயாது நீந்தும் சுபாவமுடையதாதலால், நான்கடிக்குக் குறையாத தொட்டியும், பிராணவாயு நிறைந்து ஓட்டமுள்ள நீரும், வாரந்தோறும் அதில் ஒரு பகுதியை மாற்றும் சிரத்தையும் அவசியம்.

மிதமிஞ்சிப் பிடிக்கப்பட்டதனாலும் வாழிடம் கெட்டதனாலும் அழியும் அபாயத்துக்குள்ளாகியிருக்கும் இதனை, பண்ணையில் பிறந்ததுதானா என்று விசாரித்தே வாங்குவது தர்மம். இவ்வளவுக்கும் இயலாதவர், கடையிலேயே கண்குளிரப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதே அந்த ஜீவனுக்குச் செய்யும் பெருந்தயை.