பேரில் என்ன இருக்கு?

நிறையவே இருக்கிறது நண்பர்களே!

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை 1837-ல் சர்வே செய்து பிளான் போட்டவர் கர்னல் வில்லியம் லைட். சதுக்கங்கள், தெருக்கள், சுற்றிலும் பூங்கா நிலம் என்று அருமையான பிளான். சிவில் மாணவர்கள் பார்த்தால் கை தட்டுவார்கள்! ஆனால் அதில் ஏறியவை வெள்ளைக்காரப் பெயர்கள். மண்ணின் சொந்தக்காரர்களான கௌர்னா மக்களின் பெயர்கள் எங்கே?

அம்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனுஷி எனப்படும் இவாரிட்ஜி 1929-ல் காலமானார். 1840-ல் இரு ஜெர்மன் பாதிரிமார் அச்சிட்ட சுமார் 2000 சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் மொழியை மீட்டு வருகிறார்கள். 2002-ல் விக்டோரியா சதுக்கத்துக்கு 'தார்ந்தன்யங்கா' என்ற பெயரும் சேர்ந்தது. செங்கங்காருவின் இடம் என்று பொருள். சுற்றியுள்ள பூங்காக்களுக்கும் இன்று கௌர்னா பெயர் உண்டு.

"வாயிலயே நுழையலையே" என்பார்கள் சிலர். 'அடிலெய்டு' மட்டும் என்னவாம்? ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்து ராணியானவரின் பெயர் அது. சொல்லச் சொல்லப் பழகிப் போச்சு, அவ்வளவுதான்!

ஆனால் ஒன்று. புதுப் பூங்காவுக்குப் பெயர் வைப்பவர்கள் அகராதியைப் புரட்டி, காதுக்கு இனிமையான சொல்லைப் பொறுக்கினால் போதாது. அந்த மக்களிடமே கேட்க வேண்டும். பொருளையும் பலகையில் எழுத வேண்டும். கேட்காமல் வைத்தால் அது மரியாதை அல்ல, வெறும் அலங்காரம்.

நாளை சர்வேக்குப் போகும் நாமும், பிளானில் பெயர் எழுதுமுன், "இந்த இடத்தை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்போமே!