பெரிய கோயிலும் 247 எழுத்தும்

தஞ்சைப் பெரிய கோயிலின் லிங்கம் 12 அடி, அது உயிரெழுத்து. பீடம் 18 அடி, அது மெய்யெழுத்து. விமானம் 216 அடி, அது உயிர்மெய். லிங்கத்துக்கும் நந்திக்கும் இடைவெளி 247 அடி, அது தமிழின் மொத்த எழுத்து. வாட்ஸ்அப்பிலும் பட்டிமன்ற மேடையிலும் ஓயாமல் சொல்லப்படும் இந்தக் கணக்கின்படி, ராஜராஜன் தமிழ் நெடுங்கணக்கையே கல்லில் எழுப்பினான். தமிழ்ப்பற்றோடு சேர்ந்து வருவதால் இதை மறுக்கப் பலர் தயங்குகிறார்கள். ஆனால் கோயிலின் அளவும் வரலாறும் எழுத்தும் ஒன்றுகூட இந்தக் கணக்குக்கு இடம் தரவில்லை.

முதலில் அளவுகோல். இங்கே சொல்லப்படும் அடி 30.48 சென்டிமீட்டர் கொண்ட ஆங்கிலேயர் அடி. சோழ நாட்டில் நிலம் அளக்க அடிக்கணக்கிலும் சாண் கணக்கிலும் கோல்கள் இருந்தன. அவை ஊருக்கு ஊர் மாறின. இன்றைய நாடாவின் அடியோடு அவற்றுக்கு உறவில்லை. பெரிய கோயிலுக்குள் எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதை அதன் கல்வெட்டுகளே சொல்கின்றன. செப்புத் திருமேனிகளைப் பாதம் முதல் கேசம் வரை முழத்தாலும் விரலாலும், விரலிலும் நுண்ணிய தோரையாலும் அளந்து, அளந்த முழம் கோயிலில் இருந்த முழம் என்பதையும் குறித்திருக்கிறார்கள். நெல்லை அளந்தது ஆடவல்லான் என்னும் மரக்கால். பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் கல். இவ்வளவு கவனமாக அளவைப் பெயர் சொன்ன ஓர் அரசு, தன் மொழியின் எழுத்துத் தொகையை எண்ணூறு ஆண்டு கழித்து வரப்போகும் அந்நிய அளவில் ஒளித்து வைத்தது என்று நம்ப வேண்டியிருக்கிறது.

அடுத்து, எங்கிருந்து எதுவரை அளப்பது என்ற கேள்வி. விமானத்தின் உயரத்தை நூல்கள் ஏறத்தாழ 60 மீட்டரிலிருந்து 66 மீட்டர் வரை பலவாறு தருகின்றன. தரையிலிருந்து அளந்தால் ஒன்று, உபபீடத்தின் மேலிருந்து அளந்தால் இன்னொன்று, கலசத்தைச் சேர்த்தால் வேறொன்று. 216 என்பது அவற்றுள் வசதியான ஒன்று. லிங்கத்தின் நிலையும் இதுதான். சிவலிங்கத்துக்குச் சதுரமான பிரம்ம பாகம், எட்டுப்பட்டையான விஷ்ணு பாகம், உருண்டையான ருத்ர பாகம் என மூன்று பகுதி உண்டு. கண்ணுக்குத் தெரிவது மேலேயுள்ள ருத்ர பாகம் மட்டும். மற்றவை பீடத்துக்குள்ளும் அதன் அடியிலும் இருக்கின்றன. லிங்கத்தின் உயரம் 12 அடி என்பவர் எந்தப் பாகத்தைச் சொல்கிறார் என்பதைச் சொல்வதே இல்லை.

நந்தியோடு இந்தக் கணக்கு முற்றாக உடைகிறது. இன்று மண்டபத்தில் படுத்திருக்கும் பெருநந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட முடிவு. தஞ்சையில் நாயக்கர் ஆட்சி தொடங்கியதே 16ஆம் நூற்றாண்டில். கோயில் முடிந்தது 1010இல். ஐந்நூறு ஆண்டு கழித்து வேறொரு மரபினர் வைத்த சிலை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று ராஜராஜன் திட்டமிட்டிருக்க வழியில்லை.

247 என்ற எண்ணும் அவ்வளவு உறுதியானதல்ல. அரிச்சுவடியில் 12, 18, 216, ஆய்தம் 1 எனக் கூட்டிச் சொல்லும் தொகை அது. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்று தொடங்கி, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்ந்து வருபவையாகச் சேர்க்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் முதலெழுத்து 30. சார்பெழுத்து பத்து வகை, அவற்றின் விரி 369. உயிர்மெய் 216 அந்த 369க்குள் அடங்கிய ஒரு பகுதிதான். தமிழ் இலக்கணத்துக்குக் கோயில் கட்ட நினைத்த சோழன் 33ஐ விட்டு 247ஐ எடுத்தான் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அதைவிட எளிய சான்று கோயில் சுவரிலேயே இருக்கிறது. கல்வெட்டில் கோயிலின் பெயர் ஸ்ரீராஜராஜீஸ்வரம். அதில் வரும் ஸ்ரீ, ஜ, ஸ் ஆகிய கிரந்த எழுத்துகள் அந்த 247க்கு வெளியே நிற்பவை. அரசனின் பெயரை எழுதவே அந்தத் தொகை போதவில்லை.

எண்ணைப் பிடித்துப் பொருள் தேடும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. காவிரி டெல்டாக்காரர்களுக்கு 12 என்றால் வேறு நினைவு வரும்: பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 18 என்றால் காவிரிக்கரையில் காதோலை கருகமணி விடும் ஆடிப் பதினெட்டு. ஆகவே லிங்கம் நெல்லளவையையும் பீடம் ஆற்றுப் பெருக்கையும் குறிக்கின்றன என்று இதே அடிகளை வைத்தே ஒருவர் சொல்லலாம். 216 அடியை முழமாக்கினால் 144, அதாவது பன்னிரண்டு பன்னிரண்டு. அதற்கும் ஒரு விளக்கம் ஆயத்தமாகிவிடும். எந்த எண் வந்தாலும் பொருள் கிடைக்கும், எந்த அளவும் பொய்யாக்காது என்னும்போது அந்த முறை கோயிலைப் பற்றி எதையும் கண்டுபிடிப்பதில்லை.

உலகில் மற்ற இடங்களிலும் இது நடந்திருக்கிறது. எகிப்தின் பெரிய பிரமிடில் ஆண்டின் நாட்கணக்கு பொதிந்திருக்கிறது என்று வானியலாளர் பியாசி ஸ்மித் 1864இல் நூல் எழுதினார். அதற்கென்று பிரமிடு அங்குலம் என்ற அளவையையும் முன்வைத்தார். 1880இல் கீசாவுக்குப் போன தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி பிரமிடைத் துல்லியமாக அளந்ததும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுக்காகத் தோன்றியது டாரட் சீட்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் அது குறிசொல்லும் சீட்டானது. ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட சீட்டுகளுக்கும் பின்னாளில் எண்தத்துவம் ஏற்றப்பட்டது. ஆட்டத்தில் ஐந்து என்பது நான்குக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட சீட்டு என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

பெரிய கோயிலில் இந்தக் கற்பனையால் மறைந்துபோவது மிகப் பெரியது. தானும் அக்கன் குந்தவையும் தேவியரும் மற்றவரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடவில்லை. சோழ நாட்டுத் தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, கொண்டுவந்து குடியேற்றிய ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்; அவர்களின் பெயர், வந்த ஊர், இருந்த தெருச்சிறகு, வீட்டின் வரிசை எண் எல்லாம் சுவரில் இருக்கின்றன. அவர்களுக்குக் கொடுத்த ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். திருப்பதியம் பாடியவர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஐம்பது பேருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். இந்த எண்களுக்கு ஊகம் வேண்டாம். எது எதற்கு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் எழுதியவர்கள் விமானத்தின் உயரம் தமிழெழுத்தின் தொகை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

இந்தக் கல்வெட்டுகளைப் படிக்காமல் இருந்த காலத்தில் கோயிலைக் கட்டியவன் யார் என்பதே மறந்துபோயிருந்தது. கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் எழுத்தைப் படித்துச் சொன்ன பிறகே ராஜராஜன் பெயர் கோயிலுக்குத் திரும்பி வந்தது.

கட்டியவர்கள் எண்ணி வைத்த குறியீட்டு எண்ணும் இங்கே இல்லாமல் இல்லை. கருவறைக்கு மேல்தளத்துச் சுற்றில் சிவன் ஆடும் கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கரணம் 108 என்று பரதரின் நாட்டிய சாஸ்திரம் வகுத்திருக்கிறது. சிற்பங்கள் அதே வரிசையில் போகின்றன. கோயிலுக்கு முந்திய நூல், அதைப் பின்பற்றிய வரிசை, எண்ணிப் பார்க்கக் கல் என மூன்றும் இருப்பதால் 108 இங்கே சான்றோடு நிற்கிறது. அந்தத் தொகையும் நிறைவேறவில்லை. 81 கரணம் முடிந்திருக்கிறது. மீதி 27க்கு விட்ட கற்கள் இன்றும் உளிபடாமல் இருக்கின்றன.