பையின் விலையும் பெயரின் விலையும்

பிரஞ்சு நாட்டு டியோர் கம்பெனியார் 2016 முதல் ஆண்டுதோறும் பல நாட்டு ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைத்து, தங்கள் ‘லேடி டியோர்’ என்னும் கைப்பையை அவரவர் கற்பனைப்படி புதிதாகச் சமைத்துத் தருமாறு கேட்டு வருகின்றனர். 2019-ல் கல்கத்தாவிற் பிறந்த ரீனா பானர்ஜியும் காஷ்மீரத்தில் வளர்ந்த ராகிப் ஷாவும், 2020-ல் டில்லியிற் பணிபுரியும் பாரதி கேரும் இதிற் பங்கு கொண்டனர். பையின் வடிவம் ஒன்றே. மேற்பரப்பும் வண்ணமும் அணிகளும் கலைஞருக்குக் கலைஞர் மாறும். சிறு எண்ணிக்கையிற் செய்யப்படும் அப்பைகள் இலட்சக் கணக்கில் விலை போகின்றன.

ஒரு பைக்கு இவ்வளவா என்று அங்கத்தினர்கள் நகைக்கக்கூடும். நகைத்து முடித்தபின், அப்பையைச் சற்று உற்றுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். அதன் தோல்மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருக்கும் கட்டம், பிரம்பு நாற்காலியின் பின்னலேயன்றி வேறில்லை. 1947-ல் கிறிஸ்தியன் டியோர் தம் முதற் காட்சிக்கு வந்தோரை அத்தகைய நாற்காலிகளில் அமர்த்தினார். அந்நினைவே பையில் ஏறிற்று. பிரம்புப் பின்னலோ, பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் வழியே ஆசியாவினின்று ஐரோப்பா சென்ற தொழில். 1995-ல் பிரஞ்சு ஜனாதிபதியின் மனைவியார் இப்பையை இங்கிலாந்தின் டயானா இளவரசிக்குப் பரிசளித்தார். மறு ஆண்டு அவர் நினைவாகவே அதற்கு இப்பெயர் அமைந்தது. முதலில் இளவரசியின் பெயர், பின்னர் கலைஞரின் பெயர். விலையின் பெரும்பகுதி தோலுக்கன்று, பெயர்களுக்கே என்பது வெளிப்படை.

இனி நம் பக்கம் வருவோம். பத்தமடைப் பாய் நமக்கு அண்டையூர்ச் சரக்கு. தாமிரபரணி நீரில் கோரையை ஊறவைத்து, நூலினும் மெல்லியதாகக் கீறி, சாயமேற்றி நெய்யும் அப்பட்டுப்பாய், மடித்தால் துணிபோல் மடியும். 1953-ல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு அத்தகைய பாய் ஒன்று பரிசாகச் சென்றது என்பதை நாம் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். அதை நெய்தவர் இன்னார் என்று நம்மில் எத்தனை பேர் சொல்ல வல்லோம்? புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. அது நல்லதே. ஆயினும் நெய்தவர் பெயரை அது பொருளின்மேல் எழுதித் தருவதில்லை.

நம் வட்டாரத் தறிகளிலும் இதே கதைதான். ஓர் அங்கத்தினர் இரவெல்லாம் விழித்துப் புதுக்கரை ஒன்று கட்டுகிறார். அது விற்பனையாகிறது. அடுத்த மாதமே அக்கரை விசைத்தறிச் சேலையிற் காணப்படுகிறது. புதிது கண்டவருக்கும் அதைப் பார்த்து நெய்தவருக்கும் சங்கம் கொடுக்கும் கூலி ஒன்றே. இவ்வேற்பாடு நியாயமன்று என்பதே என் கருத்து. புதிய வடிவம் தருவோருக்குக் கூலியினின்றும் வேறாக ஒரு தொகை வழங்க, இயக்குநர் குழு முன்வர வேண்டும். அத்துடன் சேலையில் நெய்தவர் பெயர்ச்சீட்டும் இருத்தல் வேண்டும். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தன் பட்டுச்சேலைகள் சிலவற்றில் நெசவாளரின் படமும் பெயரும் தாங்கிய சீட்டை இணைத்தது. ஆகவே இது ஆகாத காரியமன்று.

எவர் பெயரைப் போடுவது என்று ஒரு கேள்வி எழும். பாவு ஓட்டியவர், சாயம் போட்டவர், நூல் சுற்றிய வீட்டுப் பெண்டிர் எல்லோருக்கும் அதில் உரிமையுண்டே! பாரிஸ் பையிலும் கலைஞரின் பெயரே முழங்குகிறது. தோலை வெட்டித் தைத்த தொழிலாளியை அறிவாரில்லை. அந்தக் குறையையும் சேர்த்து நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை. ஒரு சீட்டில் நான்கு பெயருக்கு இடமில்லாமற் போகாது. பருத்தி விளைந்த ஊரின் பெயரையும் சேர்த்தால், கரிசற் காட்டு அங்கத்தினர்களும் மகிழ்வர்.

சட்டத்திலும் வழியுண்டு. 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி புதிய வடிவம் ஒன்றைப் பதிந்து கொண்டால் 10 ஆண்டுக் காப்புரிமை கிட்டும்; மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பாட்டன் காலத்துக் கரைகளுக்கு இது பொருந்தாது. முன்பு எங்கும் வெளியாகாத வடிவமே பதிவாகும். கடைக்கு ஒரு சேலை சென்றுவிட்டாலும் அந்த வாய்ப்புக் கைநழுவும். ஆதலால் தீபாவளிச் சரக்குக்கென வரைந்து வைத்திருக்கும் புதுக்கரைகளை, முதற் சேலை மடிப்புக்குப் போகுமுன் சங்க அலுவலகத்தில் ஒப்படைத்து, பதிவு விண்ணப்பத்தை அனுப்பிய பின்னரே விற்பனைக்கு விடுதல் வேண்டும்.