சக்கரத்தின் காற்றை அறியும் உரிமை: இரு சக்கர வாகன ஓட்டிகளின் கோரிக்கைச் சாசனம்

விடியற்காலையில் பால் கேன் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள், பிள்ளையை முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்குப் போகிற தாய்மார்கள், உணவுப் பொட்டலத்தை நேரத்துக்குள் கொண்டுசேர்க்க ஓடுகிறவர்கள், பின்சீட்டில் மூட்டையும் அதற்குப் பின்னால் மனைவியுமாகச் சந்தைக்குப் போகிற சிறு வியாபாரிகள் என, தமிழ்நாட்டில் இரு சக்கர வண்டியை நம்பி வாழும் நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். ஓடும்போது எங்கள் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிவிக்கும் எண் உண்மையாக இருக்க வேண்டும். குறைந்தால் நிரப்பிக்கொள்ள இடம் வேண்டும். கீழே வரும் கோரிக்கைகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்து பிறந்தவை.

ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இந்த விபத்துகளுக்கு நூறு காரணங்கள் உண்டு. அவற்றில் காற்றுக் குறைந்த டயரும் ஒன்று. முன்கூட்டியே ஒரு விளக்கு எரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய காரணம் அது.

காரில் ஒரு டயர் இறங்கினால் மற்ற மூன்றும் வண்டியைப் பிடித்து நிறுத்தும். எங்களுக்கு இருப்பது இரண்டுதான். முன்டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனக்கிறது; வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பின்டயரில் குறைந்தால் பின்பக்கம் ஆடுகிறது. அது சாலையின் கோளாறா சக்கரத்தின் கோளாறா என்று யோசிப்பதற்குள் லாரி பக்கத்தில் வந்துவிடுகிறது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்வதால் சூடேறுகிறது. பாரத்தோடு நெடுஞ்சாலையில் போனால் அந்தச் சூடே டயரைக் கிழிக்கும். டியூப் போட்ட டயரில் ஆணி ஏறினால் மூச்சு விடுவதற்குள் காற்று போய்விடும். டியூப்லெஸ் டயர் ஆணியைக் கவ்விக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கும். அப்படி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. டயரின் காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சார் உயிர் காப்பது அங்கேதான்.

ஒன்றிய அரசிடம்

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்த பிறகு, அமெரிக்கா 2000-இல் சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே தயாராகும் இலகு ரக வாகனங்கள் அனைத்துக்கும் டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் வந்தது. இரண்டு இடத்திலும் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டார்கள். இந்தியாவில் 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, 3.5 டன் வரையிலான வண்டிகளில் இந்தக் கருவியும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று சலுகை தந்தார்கள். பிறந்த நாளிலிருந்தே ஸ்டெப்னி இல்லாமல் ஓடுகிற மோட்டார் சைக்கிளை நினைத்துப் பார்க்கவில்லை.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் பிரேக்கைக் கட்டாயமாக்கியதை நாங்கள் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் எவ்வளவு நல்ல பிரேக்கும் கடைசியில் சாலையைத் தொடும் உள்ளங்கை அகல ரப்பரை நம்பித்தான் நிற்கிறது. பிரேக்குக்குச் சட்டம் இருக்கும்போது அந்த ரப்பருக்குள் இருக்கும் காற்றுக்கும் சட்டம் வேண்டும். ஏபிஎஸ் கட்டாயமாக உள்ள எல்லா வண்டிகளிலும் முதற்கட்டமாக சென்சார் கட்டாயமாக வேண்டும். நூறு சிசி வண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அடுத்த கட்டத்துக்கு ஒரு தேதி இப்போதே அறிவிக்கப்பட வேண்டும். விலை குறைந்த வண்டி வாங்குகிறவருக்கு உயிரும் குறைந்த விலைதான் என்ற கணக்கை நாங்கள் ஏற்கவில்லை.

காருக்கான தர விதியை அப்படியே எடுத்து எங்கள் மேல் ஒட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். அமெரிக்க விதியில் காற்று 25 விழுக்காடு குறைந்த பிறகுதான் விளக்கு எரிந்தாக வேண்டும். அதற்கும் 20 நிமிட அவகாசம் உண்டு. முன்டயரில் 25 பவுண்டு (psi) காற்று அடிக்கிற வண்டிக்கு அது 19-க்குக் கீழே இறங்கிய பிறகு கிடைக்கிற எச்சரிக்கை. இரு சக்கர வண்டிக்கு அது காலம் கடந்த செய்தி. திடீரென்று காற்று இறங்கினால் சில நொடிகளில் எச்சரிக்கை வர வேண்டும். மெல்லக் கசிந்தால் பத்து விழுக்காட்டிலேயே முதல் அறிவிப்பு வர வேண்டும். தனியாகப் போகும்போது ஒரு அளவு, பின்னால் ஆள் ஏறும்போது ஒரு அளவு என்று இரண்டையும் ஒரே பொத்தானில் மாற்றிக்கொள்ளும் வசதியும் விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

வண்டி, டயர் தயாரிப்பாளர்களிடம்

திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாக 1946-இல் தொடங்கிய எம்ஆர்எஃப்பும், மதுரைப் பக்கத்தில் இரு சக்கர டயர் உருவாக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவும், ஓசூரின் டிவிஎஸ் மோட்டாரும், ஒரகடத்தின் ராயல் என்ஃபீல்டும் இந்த மண்ணில் இருக்கின்றன. வண்டியையும் டயரையும் ஒரே மாநிலத்தில் செய்கிற நாம் இதில் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டருக்குக் காற்றழுத்த சென்சார் கூடுதல் உபகரணமாக ஏற்கெனவே கிடைக்கிறது. ஆகவே இது செய்ய முடிகிற வேலை. 'கூடுதல்' என்ற பட்டியலிலிருந்து அதை எடுத்து வண்டியோடு கொடுங்கள் என்கிறோம்.

எச்சரிக்கை மீட்டர் போர்டில் தெரிய வேண்டும். கைபேசிச் செயலியில் மட்டும் வந்தால், பாக்கெட்டுக்குள் கிடக்கும் எச்சரிக்கை யாருக்கும் உதவாது. வெயிலில் தெரிகிற விளக்கும் ஹெல்மெட்டுக்குள் கேட்கிற ஒலியும் வேண்டும். செயலி இருந்தால் அது தமிழிலும் பேசட்டும். காற்றைக் காட்டுவதற்காக எங்கள் இருப்பிடத்தையும் தொடர்புப் பட்டியலையும் கேட்க வேண்டாம். சென்சார்கள் மாறாத ஒரு அடையாள எண்ணை வானலையில் சொல்லிக்கொண்டே ஓடுகின்றன. 2010-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார் சென்சாரின் அலையை 40 மீட்டர் தூரத்திலிருந்து ஒட்டுக்கேட்டார்கள். பொய்யான எச்சரிக்கையை அனுப்பவும் முடிந்தது. ஒரு பெண் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் போகிறாள் என்று அவள் சக்கரமே காட்டிக்கொடுக்கக் கூடாது. அந்த அலை பூட்டப்பட்டதாக இருக்க வேண்டும்.

சென்சார் விற்பவர்களிடம்

புதிய வண்டி வாங்கும்வரை காத்திருக்க முடியாதவர்கள்தான் எங்களில் அதிகம். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் சென்சாரே அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டியூப் போட்ட ஸ்போக்ஸ் சக்கரத்துக்கும் பெரும்பாலும் அதுதான் வழி. அதனால் அதன் குறைகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

மூடிபோல மாட்டும் சென்சார் வால்வு பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. அதன் பிறகு காற்றைத் தாங்குவது சென்சாருக்குள் இருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையம் மட்டுமே. அது காய்ந்து வெடித்தால் காவல் காக்க வந்த கருவியே காற்றை வெளியே விடும். எடையும் அற்பமானதல்ல. பத்து கிராம் சென்சார், வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, சுழற்சியின் விசையால் வால்வுத் தண்டை ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட பாரமாக வெளிப்பக்கம் இழுக்கிறது. பழைய ரப்பர் தண்டு அதைத் தாங்காமல் அடியில் விரிசல் விடும். உலோகத் தண்டு உள்ள சக்கரத்துக்கு மட்டுமே பொருத்தலாம் என்றோ, ரப்பர் தண்டு என்றால் இத்தனை கிராமுக்கு மேல் கூடாது என்றோ பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பித்தளை வால்வில் மாட்டிய அலுமினிய சென்சார் உப்புக்காற்றில் அரித்து இறுகிப்போகும். கழற்றப் போனால் தண்டே முறியும். இதற்கும் தரச் சோதனை வேண்டும். டயரின் மேல் ஐஎஸ்ஐ முத்திரை கேட்கிற நாடு, அதன் வால்வில் தொங்கும் கருவிக்கும் முத்திரை கேட்க வேண்டும்.

எண்ணைப் பற்றியும் ஒன்று. பல சென்சார்கள் மொத்த அழுத்தத்தை அளந்து, கடல்மட்டத்தின் வளிமண்டல அழுத்தத்தை அதிலிருந்து கழித்துக் காட்டுகின்றன. மேட்டுப்பாளையத்தில் சரியாகக் காற்றடித்துவிட்டு ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போனால், அப்படிப்பட்ட சென்சார் உண்மையைவிட மூன்று பவுண்டு குறைவாகக் காட்டும். அதை நம்பிக் காற்றடித்துக்கொண்டு மலையிறங்குகிறவர் கூடுதல் காற்றோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவார். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் ஒன்றரை பவுண்டு ஏறுவதும் உண்டு. அது கோளாறு அல்ல, ஓடிய டயரின் இயல்பு. சூடான டயரில் எண் அதிகமாகத் தெரிகிறது என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புகிறார்கள். உயரத்தையும் வெப்பத்தையும் கருவியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இயலாவிட்டால் இயலாது என்று எழுதித் தர வேண்டும்.

சென்சாரின் பட்டன் பேட்டரி தெருக்கடையில் கிடைக்கிற அளவில் இருக்கட்டும், ஆனால் குழந்தை கையில் சிக்காதபடி மூடியிருக்கட்டும்.

எண்ணெய் நிறுவனங்களிடம்

'காற்று குறைவு' என்று விளக்கு எரிந்த பிறகு வண்டியோட்டி எங்கே போவார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண். பங்க்கில் இலவசமாகக் காற்று தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட சந்தை ஒழுங்கு நெறிகளிலேயே இருக்கிறது. ஆனால் நாங்கள் அன்றாடம் பார்ப்பது 'காற்று மெஷின் ரிப்பேர்' என்ற அட்டையை. அல்லது ஆள் இல்லாத மெஷினை. அல்லது கேட்காமலேயே முன்னும் பின்னும் ஒரே அளவில் அடித்துவிட்டுச் சில்லறைக்குக் கை நீட்டும் வழக்கத்தை. அந்த ஊழியரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்காமல் சில்லறையை நம்ப வைத்தவர்களைச் சொல்கிறோம்.

காற்று மெஷின் மூன்று நாளுக்கு மேல் பழுதாகக் கிடந்தால் அபராதம் வேண்டும். மெஷினுக்குப் பயிற்சி பெற்ற, முறையான ஊதியம் வாங்குகிற ஆள் வேண்டும். ஸ்கூட்டரின் சிறு சக்கரத்தில் வால்வு மூலையில் ஒளிந்திருக்கும். அதற்கு வளைந்த முனை உள்ள குழாய் ஒன்று போதும், அதையும் வாங்கி வையுங்கள். பெட்ரோல் போடும் மெஷினை ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிடும் எடையளவு அதிகாரிகள் அதே வருகையில் காற்றுமானியையும் சோதித்து, தேதியோடு முத்திரையிட வேண்டும். பங்க்கின் அளவும் சென்சாரின் அளவும் நான்கு பவுண்டு வேறுபட்டால் எதை நம்புவது என்ற குழப்பத்தில் மக்கள் இரண்டையுமே நம்பாமல் விட்டுவிடுவார்கள்.

பஞ்சர் கடைகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும்

சக்கரத்துக்குள் சென்சார் இருப்பது தெரியாமல் டயர் கழற்றும் கம்பியை நுழைத்தால் அது அங்கேயே உடையும். அந்தப் பழி சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் மேல் விழக் கூடாது. 'உள்ளே சென்சார் உண்டு' என்று ரிம்மில் தமிழில் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். பஞ்சர் ஆகாமலிருக்க ஊற்றும் திரவம் சென்சாரின் துளையை அடைக்குமா என்பதும் அதில் இருக்கட்டும். அரசு ஐடிஐகளில் பஞ்சர் கடைக்காரர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, கூலி இழப்புக்கு ஈடு, இலவசக் காற்றுமானி ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு தர வேண்டும்.

செயலி நிறுவனங்களுக்காக நாள் முழுக்கச் சாலையில் இருக்கும் கிக் தொழிலாளர்களுக்கு 2023-இல் தனி நல வாரியம் அமைத்தது இந்த மாநிலம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அவர்களில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. மானியத்தில் வாங்கும் ஸ்கூட்டர்கள் சென்சாரோடு வரட்டும். பழைய வண்டியில் ஓடுகிறவர்களுக்கு சென்சார் வாங்கும் செலவை அந்தந்தச் செயலி நிறுவனம் ஏற்க வேண்டும். காற்று குறைந்ததாக எச்சரிக்கை வந்து வண்டியை நிறுத்தியவருக்கு, தாமதம் என்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.

விபத்தில் சிக்கிய வண்டியைச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், இரண்டு டயரின் காற்றழுத்தத்தையும் அளந்து அறிக்கையில் எழுத வேண்டும். சென்சார் இருந்தால் அதன் கடைசிப் பதிவையும் சேர்க்க வேண்டும். மோதலில் டயர் கிழிந்ததா, கிழிந்ததால் மோதியதா என்பது இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டு வழக்கில் தேவைப்படும். அந்தப் பதிவைக் குடும்பத்தார் கேட்டால் கட்டணமின்றித் தர வேண்டும்.