இல்லாமையில் வாழும் செடி

தென் அமெரிக்காவில் வெனிசுவேலா, பிரேசில், கயானா ஆகிய நாடுகளின் எல்லைகள் கூடுமிடத்தில் நிற்பது ரொராய்மா மலை. ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரம். சுற்றிலும் செங்குத்தான மணற்கற் சுவர். உச்சியோ மேசைபோல் தட்டையானது. எவரார்டு இம் தர்ன் என்னும் ஆங்கிலேயரும் அவர் துணைவரும் 1884-ஆம் ஆண்டில் அதன்மீது ஏறினர்.

அங்கே அடிக்கடி பெய்யும் பெருமழை மண்ணின் சத்தைக் கழுவிச் சென்றுவிடுகிறது. பின் செடிகள் எங்ஙனம் பிழைக்கின்றன? ஹீலியாம்ஃபோரா என்னும் குடுவைச் செடியைக் காண்போம். அதன் இலையே குடுவையாகி மழைநீரைத் தேக்குகிறது. தேனை நாடி வரும் பூச்சி வழுக்கி விழுந்து மடிகிறது. அதன் சத்தே செடிக்கு உணவு. மழை மிகுந்தால் குடுவை நிரம்பிச் சாயாதோ? சாயாது. அதன் பக்கத்திலுள்ள சிறு பிளவு மிகுதி நீரை வடித்துவிடும்.

உலகின் வெப்பம் ஏறினால் மலைச்செடிகள் குளிரை நாடி மேலே நகரும். உச்சியிலேயே வாழ்வனவற்றுக்கோ மேலே இடமில்லை. அம்மலையை நாம் கண்டதில்லை. எனினும் நாம் வீணே எரிக்கும் எரிபொருளும் அவ்வெப்பத்தைப் பெருக்குகிறது. இல்லாமையில் வாழக் கற்ற செடிக்கு நமது மிகுதி பகையாகலாமோ?